விரல் நுனியில் ஒரு போர்க்களம்

ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் நான்கே நாள்கள். பாடங்களையெல்லாம் ஒருமுறை திருப்பிப் பார்த்தாயிற்று. ஆனால் பேனாவைப் பிடித்தால் வலது கட்டை விரல் விண் விண்ணென்று தெறிக்கிறது. நகத்தின் ஓரத்தில் தோல் சிவந்து, பளபளவென்று வீங்கியிருக்கிறது. சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. இரவில் தூக்கமும் இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். பாட்டி எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகிக்கொள்ளச் சொல்கிறார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடலாம் என்கிறார் அத்தை. ஊசியை நெருப்பில் காட்டிக் குத்திவிட்டால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மருந்துக் கடைக்குப் போய் வந்த அப்பாவின் கையிலோ நான்கு மாத்திரைகள்!

இவர்களில் யார் சொல்வது சரி? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அந்தச் சிறிய வீக்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

இந்த நோய்க்கு நம் மக்கள் இட்ட பெயர் நகச்சுற்று. பேச்சு வழக்கில் நகச்சுத்தி என்பார்கள். மருத்துவ நூல்களில் இதன் பெயர் பரோனிக்கியா. கிரேக்க மொழியில் 'பாரா' என்றால் அருகில். 'ஓனிக்ஸ்' என்றால் நகம். நகத்துக்கு அருகில் வருவது என்பதே பொருள். நம் மக்கள் வைத்த பெயரும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது, அல்லவா?

நகம் என்னும் கவசம்

உங்கள் விரல் ஒன்றை வெளிச்சத்தில் நீட்டி, நகத்தை உற்றுப் பாருங்கள். கடினமான, பளபளப்பான பகுதி நகத்தட்டு. இது கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும், மாட்டின் கொம்பும், பறவையின் அலகுறையும் இதே வகைப் புரதத்தால் ஆனவையே. நகத்தட்டில் உயிருள்ள செல்கள் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவேதான் நகத்தை வெட்டும்போது வலிப்பதில்லை.

நகம் உற்பத்தியாகும் இடம் அதன் அடிப்பகுதியில் தோலுக்குள் மறைந்திருக்கிறது. அதை நகவேர் என்று சொல்லலாம். அங்கே புதிய செல்கள் உண்டாகி, பழைய செல்களை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லி மீட்டர் வளர்கிறது. ஒரு நகம் முழுவதும் புதிதாக வளர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஓர் ஆண்டோ, அதற்கு மேலோ ஆகும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நகத்தின் அடிப்பகுதியில், தோலை ஒட்டி, நகப்பூச்சினால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். அது அழிய அழிய அதே இடத்தில் மறுபடியும் வைத்து வாருங்கள். வாரம் ஒருமுறை, தோலிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளவுகோலால் அளந்து குறித்து வையுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் நகத்தின் வேகம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது நகத்தின் மூன்று பக்கங்களையும் பாருங்கள். இரு ஓரங்களிலும் அடியிலும் தோல் மடிந்து, ஒரு சட்டத்தைப் போல நகத்தட்டைச் சூழ்ந்திருக்கிறது. இதுவே நகமடிப்பு. அடிப்பகுதியில், மடிப்பிலிருந்து நகத்தின் மேல் மெல்லிய வெண்மையான சவ்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்குக் கியூட்டிகிள் என்று பெயர். பலர் இதை அழுக்கு என்று எண்ணிச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் இது ஒரு முத்திரை. கண்ணாடிச் சன்னலின் ஓரத்தில் மழைநீர் புகாமல் மக்குப் பூசி அடைக்கிறார்களே, அதைப் போல நகத்துக்கும் தோலுக்கும் இடையே உள்ள இடுக்கை இது அடைத்து வைத்திருக்கிறது. முத்திரை உடையாத வரையில் நகமடிப்புக்குள் கிருமிகள் நுழைவது கடினம்.

முத்திரை உடைவது எப்படி?

பெரும்பாலும் உடைப்பவர்கள் நாமேதான்! நகத்தைக் கடிக்கும் பழக்கம் முதற் காரணம். கணக்குப் பாடத்தில் விடை வராதபோது உங்களை அறியாமலே விரல் வாய்க்குப் போகிறதா? பல்லினால் நகமடிப்பு கிழிகிறது. வாயில் உள்ள கிருமிகளும் அந்தக் கிழிசலில் ஏறிக்கொள்கின்றன. விரல் சூப்பும் குழந்தைகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

அடுத்தது, நகத்தோரத்தில் நாராக நீட்டிக்கொண்டிருக்கும் தோலைப் பிடித்து இழுப்பது. மேலே காய்ந்த தோல்தானே என்று இழுத்தால், அது அடியில் உள்ள உயிருள்ள தோலையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும். நகத்தை ஓரம் வரை ஒட்ட வெட்டுவது, முள் குத்துவது, மீன் எலும்பு கீறுவது, அழகுக்காகக் கியூட்டிகிளைத் தள்ளி வெட்டுவது ஆகியவையும் காரணங்களே. இப்படிப்பட்ட காயம் ஏற்பட்டு இரண்டிலிருந்து ஐந்து நாள்களுக்குள் வீக்கம் தலைகாட்டும். அதற்குள் காயம் பட்டதையே நாம் மறந்திருப்போம்!

திராட்சைக் குலைக் கிருமி

உள்ளே நுழையும் எதிரி யார்? 1880-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் அபர்தீன் நகரைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர், நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த சீழை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். சின்னஞ்சிறு உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் தென்பட்டன. சீழ் என்பது புண் ஆறும்போது தானாக உண்டாகும் பொருள் என்று பலர் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. சீழுக்குக் காரணம் கிருமிகளே என்று ஆக்ஸ்டன் எடுத்துக் காட்டினார். திராட்சைக் குலையைப் போலத் தோன்றிய அந்தக் கிருமிக்கு 1882-இல் ஸ்டஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'ஸ்டஃபிலே' என்றால் திராட்சைக் குலை.

இக்கிருமியின் ஒரு வகை, வளர்ப்புத் தட்டில் பொன்னிறமாக வளரும். ஆகவே அதற்கு ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதாவது 'பொன்னிறக் குலைக் கிருமி' என்று பெயர். நகச்சுற்றுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சில சமயங்களில் ஸ்டிரெப்டோகாக்கஸ் என்ற கிருமியும், நகம் கடிப்பவர்களுக்கு வாயில் வாழும் பிற கிருமிகளும் காரணமாகின்றன.

இந்தப் பொன்னிறக் கிருமி எங்கிருந்து வருகிறது? வெகு தூரத்திலிருந்து அன்று. ஏறக்குறைய மூவரில் ஒருவருடைய மூக்கினுள் இது எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரலின் தோல் கிழிந்திருந்தால் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஒரு கிருமியின் குறுக்களவு சுமார் ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வசதியான சூழ்நிலையில் அரை மணிக்கு ஒருமுறை அது இரண்டாகப் பிரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பத்து மணி நேரத்தில் எத்தனை ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேல்!

போர் தொடங்குகிறது

நம் உடல் சும்மா இருப்பதில்லை. கிருமி நுழைந்த இடத்திலுள்ள செல்கள் சில வேதிப்பொருள்களை வெளியிட்டு அபாய அறிவிப்புச் செய்கின்றன. அருகில் உள்ள இரத்த நாளங்கள் விரிகின்றன. இரத்தம் மிகுதியாகப் பாய்வதால் தோல் சிவக்கிறது, சூடாகிறது. நாளங்களின் சுவரில் இடைவெளி உண்டாகி நீர் கசிவதால் வீக்கம் ஏற்படுகிறது. வீக்கம் நரம்பு முனைகளை அழுத்துவதாலும், வேதிப்பொருள்கள் அவற்றைத் தூண்டுவதாலும் வலி உண்டாகிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்னும் இந்த நான்கு அடையாளங்களையும் முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்திருக்கிறார்.

விரல் நுனியில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ளன. நகத்தை ஒட்டிய தோல் விரிந்து கொடுக்கவும் இடமில்லை. ஆகவே சிறிய வீக்கம்கூடப் பெரிய வலியைத் தருகிறது. இதயம் துடிக்கும்போதெல்லாம் பாயும் இரத்தம் அழுத்தத்தைக் கூட்டுவதால்தான் விண் விண்ணென்று தெறிக்கிறது. கையைத் தொங்கவிட்டால் வலி கூடுவதும், உயர்த்திப் பிடித்தால் குறைவதும் இதனாலேயே.

விரிந்த நாளங்களின் வழியாக இரத்த வெள்ளணுக்கள் வெளியேறிக் கிருமிகளை விழுங்குகின்றன. இந்த வீரர்களில் முக்கியமானவை நியூட்ரோஃபில்கள். நம் எலும்பு மஜ்ஜை ஒரே நாளில் ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. இவற்றின் ஆயுள் குறுகியது. கிருமிகளை விழுங்கிய பின் மடிந்துவிடுகின்றன. மடிந்த வெள்ளணுக்களும், செத்ததும் சாகாததுமான கிருமிகளும், சிதைந்த திசுவும், நீரும் சேர்ந்த கலவையே சீழ். சீழைச் சுற்றி உடல் ஒரு சுவரையும் எழுப்புகிறது. கிருமிகள் பரவாமல் தடுக்க அந்தச் சுவர் உதவும். ஆனால் அதுவே பின்னர் ஒரு தொல்லையும் தரும். அது என்ன என்று பிறகு காண்போம்.

எந்தக் கட்டம் என்று அறிவது எப்படி?

நகச்சுற்றில் இரண்டு கட்டங்கள் உண்டு. இவற்றைப் பிரித்து அறிவதே எல்லாவற்றிலும் முக்கியம். ஏனெனில் வைத்தியம் அதைப் பொறுத்தது.

முதற் கட்டத்தில் நகமடிப்பு சிவந்து, சற்று வீங்கி, தொட்டால் வலிக்கும். ஆனால் கெட்டியாக இருக்கும், சீழ் இராது. இரண்டாம் கட்டத்தில் தோலுக்கு அடியில் மஞ்சளாகவோ வெண்மையாகவோ சீழ் தெரியும். வீக்கம் மெத்தென்று ஆகிவிடும். சில சமயம் சீழ் நகத்துக்கு அடியிலும் பரவும்.

சந்தேகமாக இருந்தால் மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை செய்வார்கள். நோயுற்ற விரல் நுனியின் உட்புறச் சதையை மெதுவாக அழுத்துவார்கள். சீழ் கட்டியிருந்தால், அது உள்ள இடத்தின் மேல்தோல் மட்டும் தனியே வெளுத்துத் தெரியும்.

நகச்சுற்றைப் போலவே தோன்றும் வேறு இரண்டு நோய்களும் உண்டு. விரல் நுனியின் உட்புறச் சதை முழுவதும் கல்லைப் போல இறுகி, பொறுக்க முடியாதபடி வலித்தால், அது சதைக்குள் உண்டான கட்டி. அந்தச் சதை, சின்னஞ்சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. அறைக்குள் அழுத்தம் மிகுந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, எலும்பு வரை கேடு விளையலாம். மற்றொன்று ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸால் வருவது. இதில் தெளிந்த நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றும். இதைக் கீறக் கூடாது. கீறினால் நோய் பரவவும், வேறு கிருமிகள் புகவும் வழி ஏற்படும். ஊசியை எடுத்துக்கொண்டு வரும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இந்த வேறுபாடு தெரியுமா?

முதற் கட்டத்துக்கு வெந்நீர்

சீழ் கட்டாத முதற் கட்டத்தில் சிறந்த வைத்தியம் மிக எளியது. ஒரு சுத்தமான கிண்ணத்தில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். கொதிக்கும் நீர் கூடவே கூடாது. விரலை அதில் 10 முதல் 15 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு முறை இப்படிச் செய்ய வேண்டும். பிறகு சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றித் துடைத்துவிட வேண்டும்.

இதனால் என்ன பயன்? சூடு இரத்த நாளங்களை மேலும் விரியச் செய்கிறது. போர்க்களத்துக்கு இன்னும் அதிகமான வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. தோலும் மென்மையாகி, அழுத்தம் குறைகிறது. பல நகச்சுற்றுகள் இந்த அளவிலேயே இரண்டு மூன்று நாள்களில் அடங்கிவிடும். மருத்துவர் தேவை என்று கருதினால், கிருமியைக் கொல்லும் களிம்பு ஒன்றையும் தடவச் சொல்வார். கையைத் தொங்கவிடாமல், தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்தால் இரவில் வலி குறையும்.

நீரிழிவு நோய் உள்ளவர்களுக்குச் சூடு உறைப்பது சில சமயம் தெரியாது. அவர்கள் அறியாமலே கை வெந்துவிடலாம். நோயை எதிர்க்கும் சக்தியும் அவர்களுக்குக் குறைவாக இருக்கக்கூடும். ஆகவே அவர்கள் வீட்டு வைத்தியத்தில் காலத்தைப் போக்காமல் முதல் நாளே மருத்துவரிடம் செல்வது நல்லது.

சீழ் கட்டிவிட்டால் வழி ஒன்றே

இரண்டு நாள் வெந்நீர் வைத்தும் வலி கூடினால், அல்லது சீழ் தெரிந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். சீழ் இருக்கும் இடத்தில் அது வெளியேற வழி செய் என்பது அறுவை மருத்துவத்தின் பழைய விதி. இன்றும் அது மாறவில்லை.

மாத்திரை விழுங்கினால் போதாதா? முன்பு சொன்ன சுவரை நினைத்துப் பாருங்கள். நாம் விழுங்கும் மருந்து இரத்தத்தின் வழியாகவே பயணம் செய்கிறது. சீழ்க்குழிக்குள்ளோ இரத்த ஓட்டம் இல்லை. மதில் சூழ்ந்த கோட்டைக்கு வெளியே நிற்கும் படையைப் போல, மருந்து வெளியிலேயே நின்றுவிடுகிறது.

மருத்துவர் என்ன செய்வார்? விரலின் அடிப்பகுதியில் மரத்துப் போகும் ஊசி போடுவார். சில நிமிடங்களில் விரல் முழுவதும் உணர்விழந்துவிடும். பிறகு, கிருமி நீக்கிய மெல்லிய கருவி ஒன்றை நகத்துக்கும் நகமடிப்புக்கும் இடையே செலுத்தி, மடிப்பை மெதுவாகத் தூக்குவார். சீழ் வெளியேறிவிடும். பலருக்குத் தோலைக் கீற வேண்டிய தேவையே இராது. அழுத்தம் நீங்கிய உடனே வலியும் பெருமளவு குறைந்துவிடும். நகத்துக்கு அடியிலும் சீழ் இருந்தால், நகத்தின் ஒரு சிறு பகுதியை எடுக்க வேண்டி வரலாம். அதனால் அஞ்ச வேண்டாம். நகவேர் நன்றாக இருந்தால் நகம் மறுபடியும் வளரும்.

இதையே வீட்டில் ஊசியால் செய்தால் என்ன? எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று நமக்குத் தெரியாது. கிருமியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடலாம். நகவேரைக் குத்திவிட்டால் நகம் என்றென்றும் கோணலாக வளரலாம். பிதுக்குவதும் அதே போலத் தீங்கானது.

நான்கு மாத்திரைகளின் கதை

சீழ் நன்றாக வெளியேறி, சுற்றிலும் சிவப்பு பரவாமல் இருந்தால், நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மாத்திரையே தேவைப்படுவதில்லை. தேவையா, எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் தீர்மானிப்பார்.

அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்தபோது, அவருடைய தட்டில் வளர்ந்துகொண்டிருந்தது நம் கதையில் வரும் ஸ்டஃபிலோகாக்கஸ்தான். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் செலுத்தினார்கள். முகத்தில் ஏற்பட்ட காயத்தில் இதே வகைக் கிருமிகள் புகுந்து, உடல் முழுவதும் பரவியிருந்தன. மருந்து செலுத்தியதும் அவர் தேறத் தொடங்கினார். ஆனால் உலகில் இருந்த பெனிசிலினே மிகக் கொஞ்சம். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் செலுத்திப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் மாதத்தில் அவர் இறந்துபோனார்.

அத்தனை அரிதாக இருந்த மருந்தை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார். அப்படியே நடந்தது. பெனிசிலினை எதிர்க்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் பெருகியது. அதைக் கொல்ல மெதிசிலின் என்ற மருந்து வந்தது. அதையும் எதிர்க்கும் வகை 1961-இலேயே இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. இன்று அது உலகெங்கும் உள்ளது. ஆகவே மருத்துவர் எழுதித் தராத நான்கு மாத்திரைகள் விரலையும் குணப்படுத்தா. கிருமிக்குப் பயிற்சியும் கொடுத்துவிடும்.

எலுமிச்சம்பழம் என்ன செய்கிறது?

பாட்டியின் வைத்தியத்தைக் கேலி செய்ய வேண்டாம். எலுமிச்சைச் சாறு வலிமையான புளிப்பு உடையது. கிருமிகளின் மேல் நேராகப் பட்டால் பலவற்றை அடக்கக்கூடியது. ஆனால் கிருமி இருப்பது தோலுக்கு அடியில். சாறு அங்கே போய்ச் சேருவதில்லை. பழத்தின் குளிர்ச்சி சற்று நேரம் இதமாக இருக்கும். முதற் கட்டத்தில் இருந்த நகச்சுற்று தானாகவே ஆறிவிட்டால் புகழ் எலுமிச்சைக்குப் போய்விடுகிறது!

தீங்கும் உண்டு. துளை சிறிதாக இருந்தால் வீங்கிய விரலை அது இறுக்கும். கிழிந்த தோலில் சாறு எரிச்சல் ஊட்டும். சாறு பட்ட தோலில் கடும் வெயில் பட்டால் கொப்புளம் உண்டாவதும் உண்டு. சுண்ணாம்பு தோலை அரித்துவிடும். சாணத்தையோ மண்ணையோ வைத்துக் கட்டுவது மிகவும் ஆபத்து. வில்வாத ஜன்னி என்னும் டெட்டனஸ் நோயின் கிருமி வித்துகள் அவற்றில் இருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய தீங்கு, சீழ் கட்டிய பிறகும் எலுமிச்சையை நம்பி நான்கைந்து நாள்களைக் கழித்துவிடுவதே.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

விரல் நுனியில் தொடங்குவது அங்கேயே நின்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. விரலை மடக்கும் தசைநாண், குழாய் போன்ற ஓர் உறைக்குள் இயங்குகிறது. அந்த உறைக்குள் கிருமி புகுந்துவிட்டால் விரலின் நீளம் முழுவதும் பரவிவிடும். கட்டை விரலிலும் சுண்டு விரலிலும் உள்ள உறைகள் உள்ளங்கையைக் கடந்து மணிக்கட்டு வரை செல்வதால் ஆபத்து இன்னும் அதிகம். சிகாகோ நகரின் அறுவை மருத்துவர் ஆலன் கனவெல் 1912-இல் கையில் வரும் கிருமித் தொற்றுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் நான்கு அடையாளங்களை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். விரல் முழுவதும் வீங்கியிருத்தல். சற்று மடங்கிய நிலையிலேயே நிற்றல். உட்புறம் நெடுகத் தொட்டால் வலித்தல். பிறர் நிமிர்த்தினால் கடுமையாக வலித்தல் ஆகியவையே அவை. இவற்றைக் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரல் நிரந்தரமாக விறைத்துப் போகலாம்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், கையில் மேல்நோக்கி ஓடும் சிவந்த கோடு, அக்குளில் நெறி கட்டுதல் ஆகியவையும் கிருமி பரவுவதைக் காட்டும் எச்சரிக்கைகளே.

1847 மார்ச்சில் வியன்னா நகரில், யாக்கோப் கோலெச்கா என்ற மருத்துவப் பேராசிரியர் ஒரு பிணப் பரிசோதனையில் ஈடுபட்டிருந்தபோது, மாணவர் ஒருவரின் கத்தி அவருடைய விரலில் பட்டுவிட்டது. சிறிய காயந்தான். ஆனால் கிருமி உடல் முழுவதும் பரவி, சில நாள்களில் அவர் இறந்தார். அவருடைய நண்பர் இக்னாஸ் செம்மல்வைஸ் அந்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்தார். பிரசவ ஜுரத்தால் இறந்த தாய்மார்களின் உடலில் காணப்பட்ட மாறுதல்களே நண்பரின் உடலிலும் இருந்தன. பிணத்தைத் தொட்ட கைகளே நோயைப் பிரசவ அறைக்குக் கொண்டு போகின்றன என்று அவர் உணர்ந்தார். குளோரின் கலந்த கரைசலில் கை கழுவிய பிறகே தாய்மார்களைத் தொட வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்துகொண்டிருந்த அந்த விடுதியில், ஜூலையில் அது ஏறக்குறைய ஒருவராகக் குறைந்தது. ஒரு விரல் காயத்தின் விலை ஓர் உயிர். அதனால் கிடைத்த பாடத்தால் பிழைத்த உயிர்களோ ஏராளம்.

அம்மாவின் விரல்களைப் பாருங்கள்

இதுவரை திடீரென்று வரும் நகச்சுற்றைப் பார்த்தோம். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் நாட்பட்ட நகச்சுற்றும் ஒன்று உண்டு. இதில் சீழோ தெறிக்கும் வலியோ அதிகம் இராது. பல விரல்களில் நகமடிப்பு தடித்துச் சிவந்திருக்கும், கியூட்டிகிள் மறைந்துபோயிருக்கும், நகத்தில் குறுக்கு மேடுகள் தோன்றும். நாள் முழுவதும் ஈரத்தில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கே இது மிகுதி. பாத்திரம் துலக்குபவர்கள், துணி வெளுப்பவர்கள், மீன் ஆய்பவர்கள், உணவு விடுதித் தொழிலாளர்கள் ஆகியோரின் விரல்களைப் பாருங்கள். உங்கள் அம்மாவின் விரல்களையும் பாருங்கள்.

இதற்குக் காளான் கிருமியே காரணம் என்று முன்பு எண்ணினார்கள். ஈரமும் சோப்பும் முத்திரையை அழித்து, தோலை ஓயாமல் உறுத்துவதே முதற் காரணம் என்று இன்று கருதப்படுகிறது. கைகளை ஈரமில்லாமல் வைத்துக்கொள்வதே முக்கிய வைத்தியம். பருத்திக் கையுறை அணிந்து, அதன் மேல் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பாத்திரம் துலக்கலாம். வீக்கத்தைக் குறைக்கும் களிம்பை மருத்துவர் தருவார். முழுக் குணம் காணச் சில மாதங்கள்கூட ஆகலாம். பாத்திரம் துலக்கும் வேலையில் நீங்களும் ஒரு நாள்விட்டு ஒரு நாள் பங்கு கொண்டால் அதுவும் ஒரு வைத்தியந்தான்!

வராமல் காப்பது எளிது

நகத்தைக் கடிக்காதீர்கள். குளித்த பின், நகம் மென்மையாக இருக்கும்போது, ஒட்ட வெட்டாமல் சற்று விட்டு வெட்டுங்கள். கால் நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களைக் குடைந்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். நீட்டிக்கொண்டிருக்கும் தோல் நாரை இழுக்காமல், சுத்தமான நகவெட்டியால் நறுக்குங்கள். கியூட்டிகிளைச் சுரண்டாதீர்கள். சிறு கீறல் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிடுங்கள்.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும் நம் நண்பனுக்கு என்ன சொல்வது? இன்று சிவப்பு மட்டும் இருந்தால், இன்றே வெந்நீர். மறுநாள் சீழ் தெரிந்தால், அன்றைக்கே அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம். சீழ் வெளியேறிவிட்டால் பெரும்பாலும் இரண்டொரு நாளில் பேனா பிடிக்கும் அளவுக்கு வலி தணிந்துவிடும். தேர்வு நாள் வரை காத்திருந்தால் மட்டும் விடைத்தாள் வெறுமையாக இருக்கும்.

எலுமிச்சம்பழத்தை என்ன செய்வது என்கிறீர்களா? சாறு பிழிந்து, சர்க்கரை கலந்து பருகுங்கள். இடது கையால் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வெந்நீரில் வைத்திருக்கலாம்!